பேட்டரி லைட்டும் போயிங் விமானமும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா அனந்தபுரம். "ஆந்திராவா, கேரளாவா?"ன்னு பெங்களூர்ல கேக்காத ஆளே கிடையாது. ரெண்டும் இல்லீங்க, விழுப்புரம் மாவட்டம், செஞ்சிக்குப் பக்கத்துல இருக்கிற பேரூராட்சி. நல்லா தெரிஞ்ச அடையாளம் வேணும்னா செஞ்சிக் கோட்டையத்தான் சொல்லணும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியல்ல மராட்டியர் கோட்டைகளோட சேர்த்து செஞ்சியும் வந்ததுல இருந்து எங்க ஆளுங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேற :-)

காணும் பொங்கலன்னிக்கு சித்தப்பா பையனோட ராஜகிரி ஏறினேன். பன்னிரண்டாவது படிக்கிறான். பாதி மலையில மூச்சு வாங்க உக்காந்தப்ப கேட்டான்: "அண்ணா, ஏரோப்ளேன்ல இருந்து லேசர் அடிச்சே ஏவுகணைய எரிச்சுடலாமாமே, நெசமா?"

"நெசம்தான். 2010-ல் ஒரு தடவை எரிச்சே காட்டினாங்க. அப்புறம் அந்த ஏரோப்ளேன உடைச்சு பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க"ன்னேன்.

"ஏண்ணா?"

அந்த "ஏண்ணா"வுக்கு மலை இறங்குற வரைக்கும் பதில் சொல்லி முடியல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

பரண்

ஆரம்பம் எங்க தாத்தாகிட்ட இருந்து. எங்க பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்க ஊர் பேரு) காய் பிடிக்கிற நேரம் ராத்திரி காவல் இருக்கணும். இல்லாட்டி காட்டுப்பன்னி வந்து ஒரே ராத்திரியில கொல்லையை உழுதுட்டுப் போயிடும். கொல்லை நடுவுல நாலு கால் நட்டு ஒரு பரண். அதுல தாத்தா, ஒரு கம்பளி, ஒரு பேட்டரி லைட்டு.

சின்ன வயசுல ஒரு தடவை நானும் கூடப் போனேன். இருட்டுல ஏதோ அசைஞ்சுது. "தாத்தா, லைட்டு அடிங்க"ன்னு கத்தினேன். என் வாயைப் பொத்தினார். கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிட்டே இருந்துட்டு, அப்புறம்தான் அடிச்சார். நாய்!

"மொதல்ல லைட்டு இல்லாம பாக்கணும்டா. லைட்டு அடிச்சா அதுவும் நம்மளப் பாத்துடும். ஆனா கடைசியா ஒருக்கா அடிச்சுதான் ஆவணும். இல்லாங்காட்டி எது இன்னான்னு தெரியாது."

அந்த ராத்திரியில அவர் சொன்ன இன்னொரு கதை இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன். ஏவுகணைத் தடுப்புல விமானங்கள் செஞ்ச வேலையோட வரலாறு முழுக்க இந்த ரெண்டு வரிக்குள்ள அடங்கிடும்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சுது.

மலை மேல எதுக்குக் கோட்டை?

ராஜகிரி சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர். பூமி உருண்டைங்கிறதால தொடுவானம் எவ்வளவு தூரம்னு ஒரு எளிய கணக்கு உண்டு: உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதுக்கு வர்க்கமூலம் போட்டு, 3.57-ஆல் பெருக்கினா கிலோமீட்டர் வந்துடும். கொல்லையில நிக்கிற ஆளுக்கு நாலரை கிலோமீட்டர். ராஜகிரி உச்சியில நிக்கிறவனுக்கு 55 கிலோமீட்டர். பனிமூட்டம் இல்லாத நாள்ல திண்டிவனம், விழுப்புரம் ரெண்டு பக்கமும் அவன் பார்வை எல்லைக்குள்ள. 12,000 மீட்டர்ல பறக்கிற விமானத்துக்கு? 390 கிலோமீட்டர். அதுவும் தரையில இருக்கிறதுக்குத்தான் இந்தக் கணக்கு. வானத்துல ஏறிட்டிருக்கிற ஏவுகணை இதைவிட ரொம்ப தூரத்துல இருந்தே தெரியும்.

அதனால "விமானத்துல கண்ணு வைக்கிறது"ங்கிறது புது யோசனையே இல்ல. செஞ்சியில கோட்டை கட்டினவனோட யோசனைதான்.

ராக்கெட்டும் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல பொள்ளிலூர்ல ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியோட படையை நொறுக்கினாங்க. கும்பினிப் படையோட வெடிமருந்து வண்டிகள் வெடிச்சதுக்கு மைசூர் ராக்கெட்டும் ஒரு காரணம்னு சொல்வாங்க. அதே வருஷம் செஞ்சியும் ஹைதர் கைக்குப் போச்சு. அப்துல் கலாம் 1960-கள்ல அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்துக்குப் போனப்போ, வரவேற்பறையில திப்பு படை ராக்கெட் விடுற ஓவியத்தைப் பார்த்து அசந்துபோனதை 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருக்கார்.

ஆனா அந்த ராக்கெட் வர்றதை யாரும் பாக்கலாம். நெருப்பைக் கக்கிட்டு, சத்தம் போட்டுட்டு வரும். 1944 செப்டம்பர்ல லண்டன் மேல விழுந்த ஜெர்மானிய வி-2 அப்படி இல்ல. ஒலியைவிட வேகமா வந்ததால, முதல்ல வெடிக்கும், அப்புறம்தான் அது வர்ற சத்தமே கேக்கும். தடுக்கிறதை விடுங்க, ஒளிஞ்சுக்கக்கூட நேரம் கிடையாது. "முன்னாடியே எப்படிப் பாக்கிறது?"ங்கிற கேள்வி அங்கதான் உண்மையிலேயே தொடங்குது.

சூட்டைப் பார்க்கும் கண்

1800-ல் வில்லியம் ஹெர்ஷல்ங்கிற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்துல பிரிச்சு, ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு சூடுன்னு தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தார். சிவப்பைத் தாண்டி, வெளிச்சமே இல்லாத இடத்துலயும் தெர்மாமீட்டர் ஏறுச்சு. அகச்சிவப்பு கண்டுபிடிக்கப்பட்ட கதை இதுதான்.

சூடா இருக்கிற எந்தப் பொருளும் சும்மா இருக்காது, ஒளியை விட்டுக்கிட்டே இருக்கும். எந்த அலைநீளத்துல அதிகமா விடும்ங்கிறது அதோட வெப்பநிலையைப் பொறுத்தது. ப்ளஸ் டூவுல படிச்ச வீன் விதி ஞாபகம் இருக்கா? 2898-ஐ கெல்வின் வெப்பநிலையால வகுத்தா மைக்ரான்ல விடை. 2,000 கெல்வின்ல எரியிற ராக்கெட் புகைக்கு சுமார் ஒன்றரை மைக்ரான். நம்ம உடம்பு மாதிரி 300 கெல்வின்ல இருக்கிற பொருளுக்கு சுமார் 10 மைக்ரான்.

இந்த ரெண்டு எண்ணுக்கு நடுவுலதான் மொத்தச் சண்டையும். இஞ்சின் எரியிற வரைக்கும் ஏவுகணை ஊருக்கே தெரியிற தீப்பந்தம். நிமிஷக் கணக்குலதான் எரியும். ஸ்கட் மாதிரி சின்ன ஏவுகணைன்னா ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். இஞ்சின் அணைஞ்ச பிறகு, பிரிஞ்சு வர்ற வெடிமுனை விண்வெளியில சத்தமில்லாம மிதக்கிற ஒரு ஆறிப்போன பாத்திரம். அதைப் பாக்கணும்னா 10 மைக்ரான் பக்கம் பாக்குற கண்ணு வேணும். அந்தக் கண்ணைக் கடுங்குளிர்ல வச்சிருக்கணும், இல்லைன்னா தன் சூடே தன் கண்ணை மறைச்சுடும். தரையில இருந்து பாத்தா காத்துல இருக்கிற நீராவி மறைக்கும். பெரும்பாலான நீராவி கீழேயே தங்கிடுறதால 40,000 அடிக்கு மேல போயிட்டா வானம் தெளிஞ்சுடும். விமானம் எதுக்குன்னு இப்ப புரியுதா?

1983 செப்டம்பர்

முதல்ல தீப்பந்தத்தைப் பாக்க செயற்கைக்கோள் விட்டாங்க. அமெரிக்காவோட மிடாஸ் 1960-ல் தொடங்குச்சு. ஆரம்பத்துல பெரிய தலைவலி ஏவுகணை இல்ல, மேகம்! மேகத்து மேல பட்டுத் திரும்புற வெயில், அகச்சிவப்புக் கண்ணுக்கு நெருப்பு மாதிரியே தெரிஞ்சுது. பத்து வருஷம் மல்லுக்கட்டின பிறகு, 1970-ல் அடுத்த தலைமுறையான டி.எஸ்.பி. செயற்கைக்கோள் போச்சு.

இன்னொரு பக்கம் விமானம். அலாஸ்காவுல இருந்து வால் மாதிரி நீளுற அலூஷியன் தீவுகள்ல ஷெமியான்னு ஒரு குட்டித்தீவு. அங்கிருந்து ஆர்சி-135எஸ் 'கோப்ரா பால்' விமானங்கள் கிளம்பி, கம்சட்கா பக்கம் சோவியத் சோதனை ஏவுகணைகள் வந்து விழுறதைப் பார்த்துட்டு வரும். அடையாளம் சுலபம்: வலது இறக்கையோட மேல்பக்கம் மட்டும் கறுப்பு. கேமராக்கள் அந்தப் பக்கம் பாக்கும்போது இறக்கையில வெளிச்சம் பட்டுக் கூசக்கூடாதுன்னு அடிச்ச பெயின்ட். பனியும் காத்தும் பிடுங்குற தீவு அது. 1981 மார்ச்ல இறங்கும்போது ஒரு கோப்ரா பால் நொறுங்கி, இருந்த 24 பேர்ல 6 பேர் செத்துப் போனாங்க. பாக்கிற வேலையும் உயிர் கேக்கிற வேலைதான்.

1983 மார்ச் 23-ல் ரீகன் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவிச்சார், பத்திரிகைகள் 'ஸ்டார் வார்ஸ்'னு கிண்டல் பண்ணின அதே திட்டம். ஆறு மாசத்துல, ஒரே மாசத்துக்குள்ள ரெண்டு சம்பவம்.

செப்டம்பர் 1: நியூயார்க்ல இருந்து அலாஸ்கா வழியா சியோல் போன கொரிய ஏர் லைன்ஸ் 007, வழி தவறி கம்சட்கா மேல பறந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அந்த வட்டாரத்துல ஒரு ஆர்சி-135-உம் சுத்திட்டு இருந்துச்சு. சோவியத் ரேடார்காரங்க பயணிகள் விமானத்தை அந்த உளவு விமானம்னு நினைச்சாங்க. சகலின் தீவு பக்கத்துல சுட்டு வீழ்த்தினாங்க. 269 பேர்.

செப்டம்பர் 26: மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு பாதாள அறை. ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ்னு ஒரு அதிகாரி, பொறியியல் படிச்சவர், நைட் ஷிஃப்ட். அகச்சிவப்பு செயற்கைக்கோள் அமெரிக்காவுல இருந்து ஒரு ஏவுகணை கிளம்பிடுச்சுன்னு சொல்லுது. அப்புறம் இன்னும் நாலு. மேலிடத்துக்குச் சொன்னா பதிலடிக்கான ஏற்பாடு ஆரம்பிச்சுடும். அஞ்சே அஞ்சு ஏவுகணையை வச்சு யாராவது உலகப் போர் ஆரம்பிப்பாங்களான்னு யோசிச்சார். தரை ரேடார்லயும் ஒண்ணும் இல்ல. "பொய் எச்சரிக்கை"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டார். அவர் சொன்னதுதான் சரி. உயரத்து மேகங்கள் மேல பட்ட வெயில் செயற்கைக்கோளை ஏமாத்தியிருக்கு. மிடாஸ் காலத்து அதே மேகம்!

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டு இடத்துலயும் கருவி 'ஏதோ இருக்கு'ன்னு சொல்லிடுச்சு. 'என்ன இருக்கு'ங்கிறதை மனுஷன் ஊகிச்சான். ஒருத்தர் ஊகம் தப்பிச்சுது, இன்னொண்ணு 269 பேரைக் கொன்னுடுச்சு.

கூரையில் கூடு கட்டின 767

அடுத்த வருஷமே, 1984-ல், அமெரிக்க ராணுவம் போயிங்குக்கு ஒரு வேலை கொடுத்துச்சு. பேரு ஏர்போர்ன் ஆப்டிகல் அட்ஜங்ட். 1981 செப்டம்பர்ல முதன்முதலா பறந்த 767 இருக்கே, உலகத்தோட முதல் 767, அதையே எடுத்தாங்க. முதுகு மேல 86 அடி நீளத்துக்கு ஒரு கூடு கட்டினாங்க. பாக்கிறதுக்கு பஸ் கூரை மேல இன்னொரு பஸ்ஸைக் கவுத்த மாதிரி இருக்கும். அதுக்குள்ள ஹியூஸ் நிறுவனம் செஞ்ச அகச்சிவப்பு தொலைநோக்கி, பல்லாயிரம் உணரிகள், உறைய வைக்கிற குளிர்சாதனம். 1987-ல் கூட்டோட பறந்துச்சு.

இதோட வேலை தீப்பந்தத்தைப் பாக்கிறது இல்ல. நான் மேல சொன்ன அந்த ஆறிப்போன பாத்திரத்தை, விண்வெளியோட இருட்டுப் பின்னணியில கண்டுபிடிக்கிறது. அதுமட்டும் இல்ல. எதிரி அசல் வெடிமுனையோட பத்து பலூனையும் சேர்த்து விடுவான். காத்தே இல்லாத இடத்துல இரும்பும் பலூனும் ஒரே வேகத்துல போகும், ரேடாருக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆனா சூடு பொய் சொல்லாது. கனமான வெடிமுனை மெதுவா ஆறும், லேசான பலூன் சட்டுனு ஆறிடும். அடுப்புல இருந்து இறக்கின இட்லிப் பானையும் தட்டும் மாதிரி. அந்த வித்தியாசத்தைப் பிடிச்சு தரை ரேடாருக்கு "இதைப் பாரு, அதை விடு"ன்னு சொல்லணும்.

'அட்ஜங்ட்'ங்கிற பேர்ல ஒரு வக்கீல் மூளை இருக்கு. அட்ஜங்ட்னா துணைக்கருவி. 1972 ஒப்பந்தப்படி விமானத்துல ஏவுகணைத் தடுப்பு அமைப்போ அதோட பாகமோ வைக்கக் கூடாது. "இது பாகம் இல்லீங்க, சும்மா துணைக்கு"ன்னு ஒரு பேர் வச்சுட்டாங்க :-) அந்த ஒப்பந்தத்துல இருந்து அமெரிக்கா 2002-ல் வெளியே வந்துடுச்சு.

இந்த விமானம் எதையும் சுடல. சோதனை ஏவுகணைகள் பறக்கும்போதெல்லாம் ஓரமா நின்னு பாத்துட்டு, எது அசல், எது போலி, எது எவ்வளவு சூடுன்னு குறிச்சுட்டு வந்துச்சு. ஒரு பதினஞ்சு வருஷம். அப்புறம் 2003-ல் கலிபோர்னியா பாலைவனத்துல விக்டர்வில்ல நிறுத்தி, 2007-ல் உடைச்சுட்டாங்க.

இடி எண்ணுற கணக்கு

அகச்சிவப்புக் கண்ணுக்கு ஒரு பெரிய குறை. எந்தத் திசைன்னு சொல்லும், எவ்வளவு தூரம்னு சொல்லாது. இருட்டுல தெரியிற ஒரு தீக்கங்கு பக்கத்துல இருக்கிற பீடியா, தூரத்துல இருக்கிற லாந்தரான்னு தெரியாது இல்லையா, அந்த மாதிரி.

மின்னல் வெட்டினதும் நம்ம ஊர்ல பசங்க எண்ணுவாங்களே, ஒண்ணு, ரெண்டு, மூணு... இடி கேக்கிற வரைக்கும். மூணு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். தூரம் கண்டுபிடிக்க ஏதாவது ஒண்ணு கிளம்பி வந்து சேர்ற நேரத்தை அளக்கணும். அதுக்குத்தான் லேசர். ஒரு துடிப்பை அனுப்பு, பட்டுத் திரும்புற நேரத்தை அள. 300 கிலோமீட்டர்ல இருக்கிற ஏவுகணைக்குப் போய்த் திரும்ப 2 மில்லிவிநாடி.

தாத்தா சொன்ன ரெண்டு வரி இதேதான். முதல்ல லைட்டு இல்லாம பாக்கிறது அகச்சிவப்பு. கடைசியா ஒருக்கா லைட்டு அடிக்கிறது லேசர்.

இதுல நம்மாளு ஒருத்தரும் உண்டு. மகாராஷ்டிராவின் பாராமதியில 1938-ல் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில படிச்சு, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போன குமார் படேல். 1964-ல் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடிச்சார். அந்த ரக லேசர்தான் பின்னாடி ஒரு 747-ஓட முதுகு மேல தூரம் அளக்க உக்காந்துச்சு. அதுக்கு வர்றேன்.

அதுக்கு முன்னாடி நம்ம தொழில் சம்பந்தப்பட்ட ஒரு சோகம். 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். ஈராக் விட்ட ஒரு ஸ்கட், அமெரிக்கப் படை முகாம் மேல விழுந்து 28 பேர் செத்தாங்க. அங்க இருந்த பேட்ரியாட் சுடவே இல்ல. காரணம் ஒரு மென்பொருள் பிழை. கடிகாரம் பத்துல ஒரு பங்கு விநாடியா எண்ணும். 0.1-ஐ பைனரியில எழுதினா முடிவே வராது, 24 பிட்ல வெட்டிட்டாங்க. துளியூண்டு பிழை. ஆனா 100 மணி நேரம் நிறுத்தாம ஓடினதுல அது 0.34 விநாடி ஆயிடுச்சு. ஸ்கட் வேகத்துல 687 மீட்டர். ரேடார் முதல்ல பாத்துச்சு. ஆனா "அடுத்து இங்க வரும்"னு மென்பொருள் தேடின இடத்துல அது இல்ல. சரி, ஒண்ணும் இல்லைன்னு விட்டுடுச்சு. திருத்தின மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்துச்சு. மறுநாள்!

ஒரு டைம்ஸ்டாம்ப் கோளாறால என் வேலையில ஒரு ரிப்போர்ட் தப்பாப் போய், ராத்திரி முழுக்க உக்காந்து திருத்தினது உண்டு. அன்னிக்கு இந்தக் கதையைப் படிச்சப்ப வயித்தைப் பிசைஞ்சுது. நம்ம பிழைக்கு ஒரு மேனேஜர் கத்துவார், அதோட போச்சு.

சுட்டே காட்டின 747

1996-ல் அமெரிக்க விமானப்படை அடுத்த கட்டத்துக்குப் போச்சு. 'பாக்கிறது மட்டும் எதுக்கு, சுட்டுடலாமே!' ஒரு போயிங் 747 சரக்கு விமானம், பேரு ஒய்.ஏ.எல்-1. 2002 ஜூலையில முதல் பறப்பு. என் தம்பி யூடியூப்ல பாத்தது இதைத்தான்.

அது வேலை செய்யிற வரிசையைக் கவனிங்க. உடம்பைச் சுத்தி 6 அகச்சிவப்பு உணரிகள் மேகத்துக்கு மேல வர்ற தீப்பந்தத்தைத் தேடும். முதுகு மேல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு லேசர் தூரத்தை அளக்கும். ரெண்டாவதா ஒரு லேசர் ஏவுகணை உடம்பு மேல வெளிச்சம் பாய்ச்சி, புகை எது, மூக்கு எதுன்னு பிரிக்கும். மூணாவது லேசர் நடுவுல இருக்கிற காத்து எப்படி அலையுதுன்னு அளக்கும். நட்சத்திரம் மினுக்குதே, அதே அலைச்சல்தான். அந்த அலைச்சலுக்குத் தக்க கண்ணாடியை நெளிச்சுக்கிட்ட பிறகுதான், மூக்குல இருக்கிற ஒன்றரை மீட்டர் கண்ணாடி வழியா நாலாவதா மெகாவாட் ரக ரசாயன லேசர் கிளம்பும். அது துளைக்கக்கூட வேண்டாம். சில விநாடி சூடு காட்டினாப் போதும், தகடு இளகி உள்ளே இருக்கிற அழுத்தத்துலயே ஏவுகணை பிஞ்சுடும்.

நாலு லேசர்ல மூணு பாக்கிறதுக்கு. ஒண்ணுதான் சுடுறதுக்கு!

2010 பிப்ரவரி 11, கலிபோர்னியா கடற்கரை. கடல்ல இருந்து கிளம்பின ஒரு சோதனை ஏவுகணையை உண்மையிலேயே எரிச்சு வீழ்த்திட்டாங்க. கைதட்டல்தான்.

அப்புறம் ஏன் இரும்புக்கடை? பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2009-லயே கணக்கு சொல்லிட்டார். எல்லைக்கு வெளியே பாதுகாப்பான தூரத்துல நின்னு சுடணும்னா லேசர் சக்தி 20, 30 மடங்கு கூடணும். இல்லைன்னா 747-ஐ எதிரி நாட்டுக்குள்ளயே வட்டமடிக்க விடணும். எவன் சும்மா விடுவான்? அப்படி 10, 20 விமானம் வேணும், ஒவ்வொண்ணும் ஒன்றரை பில்லியன் டாலர். 500 கோடி டாலருக்கு மேல செலவான பிறகு 2011 டிசம்பர்ல திட்டத்தை மூடினாங்க. 2012 பிப்ரவரியில அரிசோனா பாலைவனத்து விமான இடுகாட்டுக்குப் போச்சு. 2014-ல் உடைச்சாச்சு.

நெருப்பு போச்சு, கண்ணு நிக்குது

தம்பிகிட்ட நான் சொல்ல வந்தது இதைத்தான். 'லேசர் விமானம் தோத்துடுச்சு'ன்னு எல்லாரும் எழுதினாங்க. தோத்தது அந்த நாலாவது லேசர். முதல் மூணும், அந்த அகச்சிவப்புக் கண்களும் தோக்கவே இல்ல. 2016-ல் ஹவாய் பக்கம் நடந்த பசிபிக் டிராகன் பயிற்சியில, ஆளில்லா ரீப்பர் விமானங்கள் ரெண்டு தங்களோட அகச்சிவப்பு கேமராவால ஏவுகணை இலக்கைத் தொடர்ந்து பாத்துச்சு. 747-க்கு முன்னாடி அது எறும்பு சைஸ்!

நம்ம நாட்டுலயும் அதே பாடம். 2006 நவம்பர் 27-ல் ஒடிசா கடற்கரையில டி.ஆர்.டி.ஓ. முதல்முதலா ஒரு ஏவுகணையை இன்னொரு ஏவுகணையால அடிச்சுது. 2019 மார்ச் 27-ல் மிஷன் சக்தி: சுமார் 300 கிலோமீட்டர் உயரத்துல நம்ம செயற்கைக்கோளையே அடிச்சப்போ, கடைசி நேரத்துல இலக்கைப் பாத்து வழி காட்டினது உள்நாட்டு அகச்சிவப்புக் கண். 2025 ஏப்ரல்ல கர்நூல்ல 30 கிலோவாட் லேசர் ட்ரோன்களைச் சுட்டுச்சு. அது தரையில நிக்கிறது, ஏவுகணைக்கு இல்ல. சுடுற லேசர் மெல்ல மெல்ல வளரட்டும். கண்ணு அதுக்கு முன்னாடியே தயாரா இருந்தாகணும்.

ஏன்னா, மிஷன் சக்திக்கு சரியா ஒரு மாசம் முன்னாடி, பிப்ரவரி 27, காஷ்மீர் பட்காம். பாலாகோட்டுக்கு மறுநாள். வானத்துல பாகிஸ்தான் விமானங்களோட மோதல் நடந்துட்டு இருந்த நேரம். கிளம்பிக் கொஞ்ச நேரமே ஆன நம்ம விமானப்படை ஹெலிகாப்டர் ஒண்ணு விழுந்துச்சு. உள்ளே இருந்த 6 பேரும், கீழே இருந்த ஒரு ஊர்க்காரரும் போயிட்டாங்க. சுட்டது நம்ம ஏவுகணையே. அந்த அக்டோபர்ல விமானப்படைத் தளபதி அதைப் பெரிய தவறுன்னு ஒத்துக்கிட்டார். 2003 மார்ச்ல ஈராக் போர்ல பேட்ரியாட் ஒரு பிரிட்டிஷ் டொர்னாடோவை எதிரி ஏவுகணைன்னு நினைச்சு அடிச்சு ரெண்டு பேரைக் கொன்னதும் இதே ஜாதி.

இப்ப தாத்தா சொன்ன அந்த இன்னொரு கதை. அவர் வாலிபத்துல பக்கத்துக் கொல்லையில ஒருத்தர் காவல் இருந்தாராம். கையில நாட்டுத் துப்பாக்கி. பேட்டரி லைட்டு கிடையாது. மல்லாட்டைக்குள்ள கறுப்பா ஒண்ணு அசையுது. பன்னிதான்னு முடிவு பண்ணிட்டார். குறி தப்பல. கிட்டப் போய்ப் பாத்தா, கயித்தை அறுத்துக்கிட்டு வந்த அவரோட சொந்த மாடு. சினை மாடு.

"ரெண்டு நாளு அந்த ஊட்ல அடுப்பு எரியல"ன்னார் தாத்தா. கொஞ்ச நேரம் கழிச்சு, "நல்லா சுடுவான்டா அவன். அதுதான் வெனையாப் போச்சு"ன்னார்.

இதைத் தம்பிகிட்டயும் சொன்னேன். அவன் ஒண்ணும் பேசல. ராஜகிரி உச்சியில நின்னு கீழ பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம், "அண்ணா, அதோ தெரியுதே, அது நம்ம ஊரா?"ன்னான்.

நானும் கண்ணை இடுக்கிப் பாத்தேன். சத்தியமா தெரியல. "இருக்கும்"னு சொல்ல வாய் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன் :-)

டிஸ்கி: வீன் விதியில தப்பு கண்டுபிடிக்கிற இயற்பியல் வாத்தியார்கள் மெதுவா அடிக்கவும். உங்க ஊர் பக்கம் பரண் காவல் கதை ஏதும் இருந்தா கண்டிப்பா எழுதுங்க, படிக்க ஆசை.